எட்டடிப் படகும் கச்சான் காற்றும்

மாலை ஐந்து மணிக்குக் கல்லடிப் பழைய பாலத்தில் இடம்பிடித்து நிற்பது இப்போது கொஞ்சம் கஷ்டம். 1924இல் கட்டிய பாலம் அது. 2013இல் பக்கத்தில் புதியது வந்த பிறகு, பழையது ஆறுதலாக நின்று பார்க்கிறவர்களுடையதாகிவிட்டது. கச்சான் கொறித்துக்கொண்டு நிற்பவர்கள், கைபேசியில் படம் எடுப்பவர்கள், பிள்ளைகளைக் கம்பிக்கு மேலால் தூக்கித் தண்ணீரைக் காட்டுகிற தகப்பன்மார். எல்லோரும் வாவியைப் பார்க்கிறார்கள். வாவிக்குள் இருப்பதோ நாலைந்து தோணிகள் மட்டும். தோணியில் இருப்பவர்களுக்கு அது வேலை.

விளையாட்டுக்காகத் தண்ணீரில் இறங்கிய ஒரு பிள்ளையை அந்தப் பாலத்திலிருந்து நான் கண்டதில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வாவியை ‘ஆறு’ என்றுதான் ஊரில் சொல்வோம். ‘ஆத்துப் பக்கம் போகாத மனே’ என்பது அம்மாவின் வாயில் தினமும் வந்த வசனம். வீட்டிலிருந்து இருநூறு அடியில் தண்ணீர். எனக்கு நீந்தத் தெரிந்தது இருபத்தாறு வயதில், அதுவும் கொழும்பில், காசு கட்டிப் படித்து.

இந்தக் கட்டுரைக்கான யோசனை வந்தது 2023 செப்ரெம்பரில். சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் நேஹா தாக்கூர் என்ற 17 வயதுப் பெண் பாய்மரப் படகோட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். கடற்கரை ஊர்ப் பிள்ளையாக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் செய்தியைத் திறந்தேன். அவர் மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்து விவசாயி ஒருவரின் மகள். படகோட்டப் பழகியது போபால் நகரின் பெரிய ஏரியில். கடலுக்கும் அந்த ஊருக்கும் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம். அதற்கு ஐந்து வருடம் முன்னர், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், ஹர்ஷிதா தோமர் என்ற 16 வயதுப் பெண் இதே மாதிரியான சின்னப் படகில் வெண்கலம் எடுத்தார். அவர் பழகியதும் அதே போபால் ஏரியில்தான்.

அந்த ஏரி பதினோராம் நூற்றாண்டில் போஜராஜன் கட்டியதாகச் சொல்லப்படும் குளம். நம் வாவி ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். பரப்பிலும் போபால் ஏரியைவிடப் பல மடங்கு பெரிது. தண்ணீர் நம்மிடம் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. அப்படியென்றால் இல்லாதது எது? இதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க விரும்புகிறேன். அதற்கு முதலில் இந்த விளையாட்டு என்னவென்று தெரிய வேண்டும். நம்மில் பெரும்பாலானோர் அதைத் தொலைக்காட்சியில்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

ஒரு பிளைவூட் தகட்டின் அளவு

உலகம் முழுக்கப் பிள்ளைகள் பாய்மரம் பழகுகிற படகின் பெயர் ‘ஒப்டிமிஸ்ட்’. முன்பக்கம் கூராக இல்லாமல் சப்பையாக வெட்டிவிட்டது போல இருக்கும். முதன்முறை பார்ப்பவர்களுக்குக் குளிக்கிற தொட்டிக்குப் பாய் கட்டின மாதிரித்தான் தோன்றும். நீளம் 2.3 மீற்றர் சொச்சம், அதாவது எட்டடிக்குக் கொஞ்சம் குறைவு. படகின் எடை 35 கிலோ. பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஒரேயொரு பாய், ஒரு சுக்கான், நடுவில் கீழே இறக்குகிற ஒரு பலகை. ஒரு பிள்ளை, ஒரு படகு. 15 வயது வரை இதில் போட்டியிடலாம்.

ஏன் எட்டடி? இந்தப் படகு பிறந்தது 1947இல், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து கிளியர்வோட்டர் என்ற ஊரில். அந்தக் காலத்தில் அமெரிக்கப் பிள்ளைகள் பெட்டிப் பலகையில் சில்லுப் பூட்டிச் சரிவில் உருட்டி விடுகிற ‘சோப்புப்பெட்டி’ வண்டிப் போட்டி பிரபலம். கிளிஃபர்ட் மக்கே என்பவருக்கு ஒரு யோசனை: புளோரிடாவில் சரிவு இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது, அதே மாதிரி மலிவான படகு ஒன்று செய்தால் என்ன? ஐம்பது டொலருக்குள் முடிய வேண்டும். ஊர்க் கடைக்காரர்கள் ஆளுக்கொரு படகுக்குக் காசு கொடுப்பார்கள். தகப்பனும் பிள்ளையும் வீட்டுக் கொட்டிலில் செய்துகொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். கிளார்க் மில்ஸ் என்ற படகு கட்டுநர் உட்கார்ந்து வரைந்தார். கடையில் விற்கிற பிளைவூட் தகட்டின் நீளம் எட்டடி. படகு அதற்குள் அடங்கியது. சப்பை மூக்கின் காரணமும் இதுதான். கூரான மூக்குக்குப் பலகையை வளைக்க வேண்டும், அதற்கு ஆசாரியின் கை வேண்டும். தட்டையாக விட்டால் யாரும் ஆணி அடிக்கலாம்.

ஊர்க் கழகம் ஒன்றின் பெயரே படகுக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு ஒரு டென்மார்க்காரர் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். இன்றைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் ஒப்டிமிஸ்ட் படகுகள். ஒலிம்பிக்கில் பாய்மரம் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் சின்ன வயதில் இந்தத் தொட்டிக்குள் முழங்காலை மடித்து உட்கார்ந்தவர்கள்தான்.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. ஐம்பது டொலர்ப் படகு இன்று அச்சு வார்த்த பைபர் படகாகிவிட்டது. சர்வதேசப் போட்டிக்கு ஏற்ற புதிய ஒப்டிமிஸ்ட் ஒன்று, பாய், கம்பங்களோடு, சில ஆயிரம் டொலர். நமது ரூபாயில் பத்து இலட்சத்தை நெருங்கும், இறக்குமதித் தீர்வையோடு தாண்டவும் செய்யும். கடைக்காரரின் நன்கொடையில் கொட்டிலில் பிறந்த படகு கழகங்களின் படகாக மாறிய கதையைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. ஆனால் அசல் வரைபடத்தை வைத்துப் பிளைவூட்டில் கட்டும் வழி இன்னும் அடைபடவில்லை. உலகப் போட்டிக்குப் போகத்தான் அளவு சான்றிதழ் வேண்டும். ஊர்ப் போட்டிக்கு எல்லாப் படகும் ஒன்றுபோல் இருந்தால் போதும்.

காற்றுக்கு எதிரே எப்படிப் போவது?

பாய்மரம் பற்றிப் பேசினால் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. காற்று பின்னாலிருந்து தள்ளினால் படகு போகும், சரி. திரும்பி வருவது எப்படி?

வத்தகப்பழ விதையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கிப் பாருங்கள். விரல்கள் அமுக்குவது பக்கவாட்டில். விதை பாய்வது முன்னால். பாய்மரப் படகிலும் ஏறத்தாழ அதுதான் நடக்கிறது. வளைந்த பாயின் மேலால் காற்று ஓடும்போது அது படகைப் பெரும்பாலும் பக்கவாட்டிலும் கொஞ்சம் முன்னாலும் இழுக்கிறது. தண்ணீருக்குள் இறக்கிய பலகை பக்கவாட்டில் நழுவ விடாமல் தடுக்கிறது. ஒரு விரல் காற்று, மற்ற விரல் தண்ணீர். நடுவில் அகப்பட்ட படகுக்கு முன்னால் போவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆனால் காற்றின் முகத்துக்கு நேரே எந்தப் படகும் போகாது. ஏறத்தாழ 45 பாகை சரித்துத்தான் போகலாம். ஆகவே காற்றுக்கு எதிரே உள்ள இடத்துக்குப் போக இடப்பக்கம் கொஞ்சத் தூரம், பிறகு திருப்பி வலப்பக்கம் கொஞ்சத் தூரம் என்று வளைந்து வளைந்து ஏற வேண்டும். மலையில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது விளங்கும். எந்த இடத்தில் திருப்புவது என்பதில்தான் போட்டியின் மூளை வேலை முழுதும் இருக்கிறது. கரையோரம் காற்று எப்படி மடங்குகிறது, தூரத்தில் தண்ணீர் கறுத்துத் தெரிகிறதே, அங்கே காற்று கூடவா, அது எத்தனை நொடியில் இங்கே வரும்? பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று தனியாக இருந்து இதையெல்லாம் தீர்மானிக்கிறது. கரையில் நிற்கும் பயிற்றுநர் போட்டி நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது.

நம்முடைய தோணிக்காரர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். காற்றுக்கு நம்மிடம் இருக்கிற பெயர்களைப் பாருங்கள்: வாடை, கொண்டல், சோளகம், கச்சான். கச்சான் என்றால் எங்களுக்குக் கடலையும்தான், காற்றும்தான். வைகாசி பிறந்து ஆவணி வரை படுவான்கரைப் பக்கமிருந்து வருகிற காய்ந்த சூட்டுக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, இறங்கி, நம் முகத்தில் அடிக்கிறது. அது வாவியின் குறுக்கே வீசும். அந்த மாதங்களில் சில பின்னேரங்களில் கடற்காற்று கிழக்கிலிருந்து எழும்பிக் கச்சானோடு மல்லுக்கு நிற்கும். கரையோரம் வளர்ந்த பிள்ளைக்கு இதைப் புத்தகத்தில் படிப்பிக்கத் தேவையில்லை. ஐரோப்பியக் கழகங்கள் பிள்ளைகளுக்குப் பல வருடங்கள் செலவழித்துப் பழக்குகிற கண் இது.

சனிக்கிழமைப் போட்டி நடக்கும் விதம்

வார இறுதிப் போட்டிக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. நங்கூரமிட்ட ஒரு படகுக்கும் ஒரு மிதவைக்கும் நடுவில் கற்பனைக் கோடு. அதுதான் தொடக்கம். காற்று வரும் திசையில் மேலே ஒரு மிதவை, வேறு ஒன்றிரண்டு மிதவைகள் பக்கத்தில். ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரு ஊதல், கொடி ஏறும். நான்கு நிமிடத்தில் இன்னொன்று. ஒரு நிமிடத்தில் ஒரு கொடி இறங்கும். பூச்சியத்தில் தொடக்கம். படகுக்குப் பிரேக் கிடையாது என்பதால் ஓட்டப் போட்டி போலக் கோட்டில் நிற்க முடியாது. இருபது படகுகள் கோட்டுக்குக் கீழே சுற்றிக்கொண்டிருக்கும். ஊதல் விழும் நொடியில் முழு வேகத்தில் கோட்டில் இருக்க வேண்டும். முந்தினால் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும்.

நடுவர் விசில் ஊதித் தவறு பிடிக்கிற விளையாட்டு இல்லை இது. எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இதுதான். இரண்டு படகுகள் எதிரெதிரே வந்தால், காற்றை வலப்பக்கத்தால் வாங்குகிற படகுக்கு முன்னுரிமை, இடப்பக்கத்தால் வாங்குவது விலக வேண்டும். விலகாமல் மோதிவிட்டால், குற்றம் செய்த பிள்ளை தானாகவே ஒதுங்கி இரண்டு முறை முழுவட்டம் சுற்றிவிட்டுப் போட்டியைத் தொடர வேண்டும். மிதவையில் முட்டினால் ஒரு வட்டம். யாரும் பார்க்காவிட்டாலும் சுற்ற வேண்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றவர் ‘முறைப்பாடு’ என்று அங்கேயே சத்தமிட்டுச் சொல்லிவிட்டு, கரைக்கு வந்த பிறகு எழுத்தில் கொடுக்கலாம். அப்போது ஒரு மேசையில் சின்ன விளையாட்டுப் படகுகளை வைத்து, இரண்டு பிள்ளைகளும் என்ன நடந்தது என்று நகர்த்திக் காட்டுவார்கள். சாட்சிகளும் வருவார்கள். பன்னிரண்டு வயதில் ஒரு வழக்கைக் கோபப்படாமல் எடுத்துச் சொல்லப் பழகுகிற வேறு எந்த விளையாட்டு இருக்கிறதோ தெரியவில்லை.

புள்ளி முறையும் தலைகீழானது. முதலிடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாமிடத்துக்கு இரண்டு. கூட்டுத்தொகை குறைந்தவரே வெற்றியாளர். பல ஓட்டங்கள் நடக்கும். ஆக மோசமான ஒன்றைக் கழித்துவிடுவார்கள். நேஹா தாக்கூரையே எடுத்துக்கொள்வோம். 11 ஓட்டங்களில் அவரது மொத்தம் 32. மோசமான ஓட்டத்தில் எடுத்த 5 புள்ளிகளைக் கழிக்க 27. தாய்லாந்துப் பெண் 16 புள்ளிகளோடு தங்கம். மூன்றாவதாக வந்த சிங்கப்பூர்ப் பெண்ணுக்கு 28. அத்தனை நாள் ஓட்டத்துக்குப் பிறகு வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் இடையில் ஒரேயொரு புள்ளி. ஏதோவொரு ஓட்டத்தில், ஏதோவொரு மிதவையருகில், ஒரு படகை முந்தியது அல்லது விட்டுக்கொடுத்தது.

நேஹா ஓட்டியது ஒப்டிமிஸ்ட் அல்ல, அதற்கு அடுத்த படி. 4.23 மீற்றர் நீளமான ‘லேசர்’ படகு, இப்போது அதன் பெயர் ஐ.எல்.சி.ஏ. ஒரே உடலுக்கு மூன்று அளவில் பாய் பூட்டலாம். சின்னப் பாய் இளையோருக்கு, நடுப் பாய் ஒலிம்பிக் பெண்களுக்கு, பெரிய பாய் ஆண்களுக்கு. வளர வளரப் பாய் வளரும், படகு அதேதான்.

பாய்மரம் பழகுகிற பிள்ளைக்கு முதல் பாடங்களில் ஒன்று கவிழ்வது. வேண்டுமென்றே படகைக் கவிழ்த்துவிட்டு, அதன் பலகையில் ஏறி நின்று பாரம் கொடுத்து நிமிர்த்தி, உள்ளே ஏறி, வெட்டிய போத்தல் ஒன்றால் தண்ணீரை இறைக்க வேண்டும். ஒப்டிமிஸ்டுக்குள் மூன்று காற்றுப் பைகள் கட்டியிருப்பதால் அது தாழாது. உயிர்காப்பு அங்கி இல்லாமல் கரையை விட்டு நகர விடமாட்டார்கள். பக்கத்தில் எப்போதும் ஒரு மோட்டர் படகு. வருடா வருடம் நூற்றுக்கணக்கானோர் தண்ணீரில் மூழ்கிச் சாகிற இந்தத் தீவில், கவிழ்ந்தால் என்ன செய்வதென்று பிள்ளைக்குப் பழக்குகிற இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை எழுதத் தொடங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

யாருடைய விளையாட்டு?

சென்னையில் ‘ரோயல் மெட்ராஸ் யொட் கிளப்’ தொடங்கியது 1911இல். பெயரே சொல்கிறது யாருக்காகத் தொடங்கியதென்று. ஆனால் அதே சென்னைத் துறைமுகத்துக்குள் இயங்குகிற தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் கோடைகாலப் பயிற்சி முகாம்களை நடத்துகிறது. 2009இல் அப்படியொரு முகாமுக்குப் போன பன்னிரண்டு வயதுச் சிறுமி நேத்ரா குமணன். 2021 ஏப்ரலில் ஓமானில் நடந்த தகுதிப் போட்டியில் வென்று, ஒலிம்பிக் பாய்மரத்துக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். அதே வாரம் வேலூர்ப் பக்கத்து இராணுவ வீரரின் மகன் விஷ்ணு சரவணனும், சென்னையின் கே.சி. கணபதி - வருண் தக்கார் இணையும் தகுதி பெற்றார்கள். இந்தியா டோக்கியோவுக்கு அனுப்பிய பாய்மர வீரர்கள் நால்வரும் தமிழ்நாட்டோடு தொடர்புள்ளவர்கள். தமிழ் ஊடகங்களில் இது எத்தனை வரிச் செய்தியாக வந்தது என்று தேடிப் பார்த்தேன். கிரிக்கெட் அணியின் பயிற்சி ஆட்டத்துக்குக் கிடைத்த இடம்கூட இல்லை.

இந்த நால்வரின் கதையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், வசதியான நகரக் குடும்பங்களும் இருக்கின்றன, இராணுவமும் இருக்கிறது. கழக உறுப்பினர் கட்டணம் கட்டக்கூடிய பெற்றோர் அல்லது அரச படைகள். இரண்டும் இல்லாத பிள்ளைக்கு வழி எது? போபால்தான் பதில். அங்கே ஏரிக்கரையில் இருப்பது தனியார் கழகம் அல்ல. மாநில அரசின் நீர்விளையாட்டு அகாடமியும் தேசிய பாய்மரப் பள்ளியும் கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தங்கவைத்து, பள்ளிக்கும் அனுப்பிப் பழக்குகின்றன. ஹைதராபாத்தில் ஒரு கழகம் ஹுசைன் சாகர் ஏரியில் அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பழக்குகிறது. அங்கிருந்தும் தேசியப் போட்டிகளில் வெல்கிறவர்கள் வருகிறார்கள். கடல் தேவையில்லை, பரம்பரை தேவையில்லை, யாராவது ஒரு நிறுவனம் பொறுப்பெடுக்க வேண்டும்.

நம் நாட்டில் இந்த விளையாட்டின் வீடு மொறட்டுவைப் பக்கத்துப் பொல்கொடை ஏரியும் கொழும்பும். ‘சிலோன் மோட்டர் யொட் கிளப்’, ‘ரோயல் கொழும்பு யொட் கிளப்’ இரண்டும் பிள்ளைகளைப் பழக்குகின்றன. நல்ல வேலைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வாழைச்சேனையிலோ மண்முனையிலோ இருக்கிற ஒரு பிள்ளை அந்த வாசலைக் கண்டுபிடிப்பது எப்படி? விதிப்புத்தகம் ஆங்கிலத்தில். பயிற்சி ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். திருகோணமலையில் கடற்படையின் பாய்மரப் போட்டிகள் நடப்பதுண்டு. கடற்படையின் படகுகளை நம் கரையோர மக்கள் எந்த நினைவோடு பார்க்கிறார்கள் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

பாய்மரம் நமக்கு அந்நியம் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கி, பெயர் மாற்றி, வல்வெட்டித்துறை மாலுமிகளோடேயே அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1938இல் அது மசாசுசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. இராமநாதபுரத்துத் தொண்டிப் பக்கத்து மீனவக் கிராமங்களில் கோயில் திருவிழாக்களையொட்டி இன்றும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. வள்ளம் கவிழாமல் இருக்க மணல் மூட்டையை ஏற்றிக்கொண்டு, காற்று வருகிற பக்கம் ஆள் தொங்கி ஓட்டுவார்கள். அவர்களுக்குப் பயிற்சி முகாமும் இல்லை, கொடியும் இல்லை. செய்கிற வித்தை ஒன்றுதான்.

வாவிக்குள் இறங்கினால்

சரி, மட்டக்களப்பில் இதைச் செய்ய முடியுமா என்ற நடைமுறைக் கேள்விக்கு வருவோம். கனவு காண்பது சுலபம். தண்ணீருக்குள் நிறைய விசயம் கிடக்கிறது.

ஆழம் முதலாவது. வாவியின் பெரும்பகுதி ஆழம் குறைந்தது, பல இடங்களில் கம்பு ஊன்றித்தான் தோணி போகிறது. ஒப்டிமிஸ்டின் பலகை தண்ணீருக்குள் ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். சேற்றில் குத்தினால் படகு நின்றுவிடும். ஆனால் பிள்ளைகளின் போட்டிக்கு ஒரு கிலோமீற்றர் நீளத் தண்ணீர் தாராளம். நகரத்தையும் கல்லடியையும் அண்டிய அகன்ற பகுதிகளில் அதைத் தேடலாம். ஆழமில்லாமை ஒரு வகையில் பாதுகாப்பும்தான்.

இரண்டாவது வலை. வாவியை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள். இறாலுக்கும் நண்டுக்கும் மீனுக்கும் இரவு விரித்த வலை காலையில் கிடக்கும். அதற்கு மேலால் பலகை இறக்கிய படகு போனால் வலையும் கிழியும், ஊரும் இரண்டாகும். சுற்றுலாவின் பெயரில் கரையோரத்தில் ஏற்கெனவே எத்தனை இடம் மீனவர்களின் கையை விட்டுப் போயிருக்கிறது என்பது தெரிந்தால் அவர்களின் சந்தேகம் நியாயம் என்று விளங்கும். ஆகவே மீனவர் சங்கங்களிடம் பிறகு அனுமதி கேட்பதல்ல, முதலிலேயே அவர்களிடமிருந்து தொடங்குவதுதான் ஒரே வழி. மீட்புப் படகை ஓட்ட அவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? முதல் படகுகளில் ஏறுவது அவர்களின் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும். இது நன்கொடை மனப்பான்மையில் சொல்வதல்ல. காற்றைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

முதலை உண்டு. இல்லையென்று சொல்ல மாட்டேன். கண்டல் அடர்ந்த ஒதுக்குப்புறங்களில் அதிகம் என்பது தோணிக்காரர்களின் அனுபவம், அந்தப் பக்கங்களைத் தவிர்க்க வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை மழையும் வெள்ளமும். உள்நாட்டுத் தண்ணீரெல்லாம் வந்து சேர்ந்து, முகத்துவாரத்து மணல்திட்டு வெட்டுப்பட, நீரோட்டம் வேறு மாதிரியாகிவிடும். ஆற்றுவாழையும் மிதந்து வரும். அந்த மாதங்கள் பிள்ளைகளுக்கு உகந்தவையல்ல. மாசியிலிருந்து சித்திரை வரை மெல்லிய காற்றில் பழகலாம், கச்சான் காலத்தில் போட்டி வைக்கலாம்.

இவற்றையெல்லாம் ஒரு வரைபடமும் ஒரு நாட்காட்டியும் வைத்துத் தீர்த்துவிடலாம். தீர்க்கக் கடினமானது பயம்.

2004 மார்கழி 26இல் நாவலடி, கல்லடி, டச்பார் கரைகளில் பிள்ளைகளை இழந்த பெற்றோர் இன்னும் அதே ஊர்களில் இருக்கிறார்கள். அதற்கு முன்னர், 2007 வரையும், இந்த வாவி ஒரு எல்லை. எழுவான்கரையில் ஒரு அதிகாரம், படுவான்கரையில் இன்னொன்று. கடக்கும் துறைகளில் அடையாள அட்டை, சோதனை, திரும்பிவராதவர்கள். மண்முனைப் பாலம் வந்தது 2014இல்தான். அம்மா சொன்ன ‘ஆத்துப் பக்கம் போகாத’ என்ற வசனத்துக்குள் முதலை மட்டும் இருக்கவில்லை என்று எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. பெண் பிள்ளை என்றால் அதோடு இன்னொரு வரியும் சேரும்: என்ன உடுப்பு, யார் பார்ப்பார்கள். முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும்தான் பாய்மரக்காரர்களின் வழக்கமான உடை, வெயிலுக்காக. இதை ஒரு தாய்க்குச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் இளகியதைக் கண்டேன்.

வெளியிலிருந்து வந்த விளையாட்டு ஒன்று இந்த ஊரின் சொத்தாக மாறியதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. கூடைப்பந்தாட்டம் மட்டக்களப்பில் முளைத்ததல்ல. புனித மிக்கேல் கல்லூரிக்கு வந்த அமெரிக்க இயேசு சபைக் குருக்கள் அதைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார்கள். வெபர் அடிகளாரின் பெயரில்தான் இன்று மைதானம். யூஜின் ஹேபேர்ட் அடிகளாரும் கூடைப்பந்துப் பயிற்றுநர். 1990 ஓகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் தன் சாரதியோடு காணாமல் போனார், இன்றுவரை திரும்பவில்லை. அவர்கள் பழக்கிய விளையாட்டு திரும்பிப் போகவில்லை. மிக்கேல் அணி நாட்டின் பெரிய பாடசாலை அணிகளில் ஒன்றாக வளர்ந்தது. அதற்குத் தேவைப்பட்டது ஒரு சீமெந்துத் தரை, இரண்டு வளையம், தினமும் நாலு மணிக்கு வந்து நிற்கிற ஒரு ஆள்.

பாய்மரத்துக்குத் தேவைப்படுவது எவ்வளவு? என் கணக்கில், ஆறு படகு, ஒரு மீட்புப் படகு, இருபது உயிர்காப்பு அங்கி, கரையில் ஒரு கொட்டில், பயிற்றுநர் சான்றிதழ் பெற அனுப்பக்கூடிய இரண்டு இளைஞர்கள். நீச்சல் பழக வெபர் மைதானத்திலேயே தடாகம் இருக்கிறது. படகு கட்டும் கைகளுக்கும் பஞ்சமில்லை. காரைநகர் சீநோர் காலத்திலிருந்து வடக்கும் கிழக்கும் பைபர் படகு செய்து பழகியவை. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் அந்தத் தொழில் தெரிந்தவர்கள் கூடினார்கள். எட்டடிப் பெட்டி ஒன்று அவர்களுக்கு ஒரு வாரத்து வேலை. புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்கள் பாடசாலைகளுக்குக் கட்டிக்கொடுக்கிற வளைவுகளில் ஒன்றின் செலவு இதற்குள் வருமா வராதா என்று அவர்களே கணக்குப் பார்க்கட்டும்.

போன ஆனி மாதம் புதூர்ப் பக்கம் ஒரு பின்னேரம் நின்றேன். கச்சான் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சின்னத் தோணியில் இரண்டு பொடியன்கள். ஒருவன் கம்பை நட்டுப் பிடித்திருந்தான், அதில் யூரியா பைகளை வெட்டித் தைத்த ஒரு துண்டு. மற்றவன் துடுப்பைப் பின்னால் சுக்கானாக வைத்திருந்தான். கிழக்கே நல்ல வேகத்தில் போனார்கள், கத்திச் சிரித்துக்கொண்டு. திரும்பி வருவதற்குப் பையைச் சுருட்டி வைத்துவிட்டு, காற்றுக்கு எதிரே முக்கால் மணி நேரம் கம்பு ஊன்ற வேண்டியிருந்தது. தோணிக்கு அடியில் பலகை இல்லை. கரைக்கு வந்ததும் வத்தகப்பழ விதைக் கதையைச் சொன்னேன். பெரியவன் கொஞ்ச நேரம் தோணியின் அடியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, பலகையை நடுவில் துளை போட்டு இறக்குவதா, பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டால் போதாதா என்று கேட்டான்.

பக்கத்தில் கட்டினாலும் வேலை செய்யும். ஒல்லாந்தின் பழைய படகுகளில் அப்படித்தான் இருந்தது.